ரெப்போ குறைந்தும் பத்திர யீல்டு ஏன் குறையவில்லை?

ரிசர்வ் வங்கியின் வட்டி முடிவுகளும் அரசின் கடனும் நம் முதலீட்டை எப்படிப் பாதிக்கின்றன என்று கேட்டு நிறைய கடிதங்கள் வந்திருக்கின்றன. அவற்றில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: 2025-இல் ரிசர்வ் வங்கி நான்கு முறை வட்டியைக் குறைத்தது. ‘வட்டி குறைந்தால் பத்திர விலை ஏறும்’ என்று சொன்னதை நம்பி, ஜூன் மாதம் கில்ட் ஃபண்டில் (அரசுப் பத்திரங்களில் முதலிடும் மியூச்சுவல் ஃபண்டு) பணம் போட்டேன். அடுத்த மூன்று மாதத்தில் என்.ஏ.வி (ஒரு யூனிட்டின் மதிப்பு) இறங்கிவிட்டது. காரணம் என்ன?
– வாசகர், ஈரோடு

நீங்கள் கேள்விப்பட்ட விதி சரியானதுதான். ஆனால் அது ரெப்போவுக்கான விதி அல்ல, யீல்டுக்கான விதி. ஒரு பத்திரத்தை இன்றைய சந்தை விலைக்கு வாங்கி முதிர்வு வரை வைத்திருந்தால் ஆண்டுக்கு என்ன விகிதத்தில் வருமானம் வரும் என்பதுதான் யீல்டு. அது இறங்கினால் விலை ஏறும், ஏறினால் விலை இறங்கும்.

வங்கிகள் அரசுப் பத்திரத்தை ஈடாக வைத்து ரிசர்வ் வங்கியிடம் வாங்கும் குறுகிய காலக் கடனுக்கான வட்டிதான் ரெப்போ. 91 நாள் டிரெஷரி பில் (அரசின் குறுகிய காலக் கடன் பத்திரம்), வங்கிகளுக்கு இடையிலான ஒரு நாள் கடன் போன்றவை ரெப்போ போகும் வழியிலேயே போகும். 10, 30, 40 ஆண்டுப் பத்திரங்களின் யீல்டு அப்படி அல்ல. எல்.ஐ.சி, இ.பி.எஃப்.ஓ, வங்கிகள், பென்ஷன் நிதிகள், வெளிநாட்டு முதலீட்டாளர்கள் ஆகியோர் ஏலத்தில் என்ன கேட்கிறார்களோ அதுதான் அந்த யீல்டு. அடுத்த பத்து, இருபது ஆண்டுகளில் விலைவாசி எப்படி இருக்கும், இன்னும் எவ்வளவு பத்திரம் விற்பனைக்கு வரும் என்பதைத்தான் அவர்கள் முக்கியமாகப் பார்ப்பார்கள்.

2025 ஜூன் 6 அன்று நடந்ததைப் பாருங்கள். ரிசர்வ் வங்கி ஒரே அடியாக 0.50% குறைத்து ரெப்போவை 5.50% ஆக்கியது. சி.ஆர்.ஆர்-ஐயும் (வங்கிகள் தங்கள் டெபாசிட்டில் ரிசர்வ் வங்கியிடம் வைக்க வேண்டிய பங்கு) 4%-இலிருந்து 3%-க்குப் படிப்படியாகக் குறைப்பதாக அறிவித்தது. ஆனால் அதே அறிக்கையில், ‘தளர்வான’ நிலைப்பாட்டிலிருந்து ‘நடுநிலை’க்கு மாறுவதாகவும் சொல்லியிருந்தது. இனி குறைப்பதற்கு அதிக இடமில்லை என்று சந்தை அதைப் புரிந்துகொண்டது. குறைப்பு வரும் என்று எதிர்பார்த்து முன்பே வாங்கியவர்கள் விற்றார்கள். ஆகஸ்டு 15 அன்று ஜி.எஸ்.டி குறைப்பு அறிவிப்பு வந்ததும், வரி வருவாய் குறைந்தால் அரசு கூடுதலாகக் கடன் வாங்குமோ என்ற பயமும் சேர்ந்துகொண்டது. ஜூன் கூட்டத்துக்கு முன் 6.2% அருகே இருந்த 10 ஆண்டு யீல்டு, ஆகஸ்டு கடைசியில் 6.6% அருகே வந்துவிட்டது.

ஆண்டு முழுவதையும் எடுத்துக்கொண்டால் இன்னும் தெளிவாகத் தெரியும். ரெப்போ 6.50%-இலிருந்து டிசம்பர் 5 அன்று 5.25% வரை வந்தது. மொத்தக் குறைப்பு 1.25%. பிப்ரவரியில் முதல் குறைப்புக்கு முன் 6.7% அருகே இருந்த 10 ஆண்டு யீல்டு, ஆண்டு முடிவில் 6.6% அருகேதான் இருந்தது.

இதில் அரசின் கடனுக்குப் பெரிய பங்கு உண்டு. 2025-26 பட்ஜெட்டின்படி மத்திய அரசு சந்தையில் வாங்கும் மொத்தக் கடன் ரூ.14.82 லட்சம் கோடி. மாநிலங்களும் ஆண்டுக்கு ரூ.10 லட்சம் கோடிக்கு மேல் வாங்குகின்றன, அவற்றில் தமிழ்நாடு முன்வரிசையில் இருக்கிறது. மத்திய அரசின் ஏலம் வழக்கமாக வெள்ளிக்கிழமை, மாநிலங்களின் ஏலம் செவ்வாய்க்கிழமை. இரண்டிலும் வாங்க வருபவர்கள் பெரும்பாலும் ஒரே நிறுவனங்கள்தான். விற்பவர்கள் பெருகி வாங்குபவர்களின் பணம் அதே அளவு பெருகாவிட்டால், யீல்டை உயர்த்தித்தான் விற்க முடியும்.

இனி உங்கள் ஃபண்டுக்கு வருவோம். மாதந்தோறும் வரும் ஃபேக்ட் ஷீட்டில் ‘மாடிஃபைட் டியூரேஷன்’ என்று ஒரு எண் இருக்கும். யீல்டு ஒரு சதவிகிதப் புள்ளி ஏறினால் ஃபண்டின் மதிப்பு ஏறக்குறைய எத்தனை சதவிகிதம் இறங்கும் என்பதை அது காட்டும். டியூரேஷன் 10 உள்ள ஃபண்டில் யீல்டு 0.40% ஏறினால் சுமார் 4% போய்விடும். அந்த மூன்று மாதத்தில் சேர்ந்த வட்டி 1.7% அளவுக்குத்தான் இருக்கும். மீதி நஷ்டம் என்.ஏ.வியில் தெரியும்.

காலம் கூடக்கூட அடியும் பெரிதாகும். 7% கூப்பன் (ஆண்டு வட்டி) உள்ள 100 ரூபாய்ப் பத்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சந்தை யீல்டு 8% ஆனால், 2 ஆண்டுப் பத்திரத்தின் விலை ரூ.98.20 ஆகும். 10 ஆண்டுப் பத்திரம் ரூ.93.20-க்கும், 30 ஆண்டுப் பத்திரம் ரூ.88.70-க்கும் வந்துவிடும்.

வாங்கும் முன் ஒரு சின்னக் கணக்கைப் போட்டுவிடுங்கள். ஃபேக்ட் ஷீட்டிலேயே இருக்கும் ‘ஒய்.டி.எம்’ (முதிர்வு வரையிலான யீல்டு) எண்ணை டியூரேஷனால் வகுங்கள். ஒய்.டி.எம் 6.8, டியூரேஷன் 10 என்றால் விடை 0.68. ஓர் ஆண்டில் யீல்டு 0.68% ஏறினாலே அந்த ஆண்டின் வருமானம் முழுவதும் அடிபட்டுப்போகும் என்று பொருள். டியூரேஷன் 2 உள்ள ஃபண்டில் அதற்கு 3.4% ஏற வேண்டும். மூன்று ஆண்டுக்குள் தேவைப்படும் பணத்தை டியூரேஷன் 10 உள்ள ஃபண்டில் போடுவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம், ரிசர்வ் வங்கி எதை அறிவித்தாலும் சரி.

கேள்வி: பத்திர யீல்டு இறங்கவில்லை என்றால் வீட்டுக் கடன் வட்டியும் இறங்காதா?
– வாசகி, கும்பகோணம்

இறங்கும். 2019 அக்டோபர் 1 முதல் வங்கிகள் தரும் புதிய மிதக்கும் வட்டி வீட்டுக் கடன்கள் ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு இணைக்கப்பட்டவை. மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது வட்டியை மாற்றியே ஆக வேண்டும். உங்கள் கடன் அதற்கு முந்தைய எம்.சி.எல்.ஆர் (வங்கியின் சொந்த நிதிச் செலவை வைத்துக் கணக்கிடும் வட்டி) வகையாகவோ, வீட்டுக் கடன் நிறுவனத்தில் வாங்கியதாகவோ இருந்தால் குறைப்பு தாமதமாகவும் பாதியாகவும் வரும். எந்த வகை என்பது கடன் ஒப்புதல் கடிதத்தில் இருக்கும். மாற்றிக்கொள்ளக் கட்டணம் எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள்.

ரூ.30 லட்சம், 20 ஆண்டு, 8.5% என்றால் இ.எம்.ஐ ரூ.26,035. வட்டி 7.25% ஆனால் ரூ.23,711. பல வங்கிகள் இ.எம்.ஐ-யை அப்படியே வைத்துக்கொண்டு காலத்தைக் குறைக்கும். அப்படி விட்டால் 240 மாதக் கடன் சுமார் 198 மாதத்தில் முடியும். மாதச் செலவுக்கு நெருக்கடி இல்லையென்றால் காலத்தைக் குறைப்பதே லாபம்.

கேள்வி: மத்திய அரசு ஆண்டுக்கு 12 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் வட்டி கட்டுகிறதாம். அந்தப் பத்திரங்களை ரிசர்வ் வங்கியே வாங்கிக்கொண்டால் வட்டி மிச்சமாகுமே?
– போட்டித் தேர்வு எழுதும் வாசகர், விருதுநகர்

2025-26 பட்ஜெட்டில் வட்டிச் செலவு ரூ.12.76 லட்சம் கோடி. மொத்தச் செலவான ரூ.50.65 லட்சம் கோடியில் அது கால் பங்கு. அதனால் உங்கள் கேள்வி நியாயமானதே.

நீங்கள் சொல்வது இங்கே ஒரு காலத்தில் நடந்தது. அரசுக்குப் பணம் குறைந்தால் ‘அட் ஹாக்’ டிரெஷரி பில்களை எழுதி ரிசர்வ் வங்கியிடம் கொடுக்கும். வட்டி 4.6%, சந்தை நிலவரம் எதுவானாலும் அதுதான். பற்றாக்குறை தானாகவே புதுப் பணமாக மாறியது. 1997 ஏப்ரல் முதல் அது நிறுத்தப்பட்டு, வரம்பும் காலக்கெடுவும் உள்ள தற்காலிக முன்பணமாக மாற்றப்பட்டது. நிதிப் பொறுப்புச் சட்டத்தின்படி, சில விதிவிலக்குகள் தவிர, 2006 ஏப்ரல் முதல் அரசு ஏலத்தில் ரிசர்வ் வங்கி நேரடியாக வாங்க முடியாது.

ஆனால் ஏற்கெனவே வெளிவந்த பத்திரங்களைச் சந்தையில் வாங்கலாம். ஜி-சாப் என்ற பெயரில் 2021-22 நிதியாண்டின் முதல் காலாண்டில் ரூ.1 லட்சம் கோடிக்கும் அடுத்ததில் ரூ.1.2 லட்சம் கோடிக்கும் வாங்குவதாக அறிவித்தது. 2025 டிசம்பரில் வட்டிக் குறைப்போடு ரூ.1 லட்சம் கோடிக்குப் பத்திரம் வாங்கும் அறிவிப்பும் வந்தது.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. ரிசர்வ் வங்கி ஒரு பத்திரத்தை வாங்கும்போது அதை விற்ற வங்கியின் கணக்கில் பணத்தை வரவு வைக்கிறது. அந்தப் பணம் வங்கிகளிடம் மிதமிஞ்சிப் போனால் ஒரு நாள் வட்டி ரெப்போவுக்குக் கீழே சரிந்துவிடும். சரியாமலிருக்க ரிசர்வ் வங்கியே அந்த உபரியை எஸ்.டி.எஃப் (வங்கிகள் உபரிப் பணத்தை ரிசர்வ் வங்கியில் போட்டுவைக்கும் வசதி) போன்ற வழிகளில் வட்டி கொடுத்துத் திரும்ப உறிஞ்ச வேண்டியிருக்கிறது. 10 ஆண்டுக்கு நிலையான வட்டியில் இருந்த கடன், தினமும் வட்டி மாறும் ஒரு நாள் கடனாக உருமாறுகிறது. அரசையும் ரிசர்வ் வங்கியையும் ஒரே கணக்கில் வைத்துப் பார்த்தால் கடன் தீரவில்லை, அதன் காலம் மட்டும் சுருங்கியிருக்கிறது. வட்டி குறைவாக இருக்கும்வரை இது லாபம். வட்டி ஏறினால் அடி உடனே விழும். அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வுக்கு இதுதான் நேர்ந்தது. மலிவு வட்டிக் காலத்தில் வாங்கிக் குவித்த பத்திரங்களிலிருந்து வரும் வருமானத்தைவிட, வங்கிகளுக்குக் கொடுக்க வேண்டிய வட்டி 2022 இறுதியில் அதிகமானது. அரசு கஜானாவுக்கு வழக்கமாகச் செலுத்திவந்த உபரி நின்றது.

நம் ரிசர்வ் வங்கி 2024-25-க்கு மத்திய அரசுக்குக் கொடுத்த உபரி ரூ.2.69 லட்சம் கோடி. அதில் டாலர் விற்ற லாபமும் வெளிநாட்டுப் பத்திர வருமானமும் பெரும்பங்கு. ஆண்டுதோறும் அவ்வளவு வரும் என்று பட்ஜெட் போடுவது ஆபத்து.

கேள்வி: இலங்கையில் ஊழியர் சேமலாப நிதியில் எங்கட காசும் இருக்கு. 2023 கடன் மறுசீரமைப்பில் அந்த நிதியைத் தொட்டவர்கள், வங்கிகளைத் தொடவில்லை. மத்திய வங்கி காசு அச்சடித்ததற்கும் இதற்கும் என்ன தொடர்பு?
– வாசகர், யாழ்ப்பாணம்

நேரடித் தொடர்பே உண்டு. 2019 இறுதியில் வற் (மதிப்புக் கூட்டு) வரி 15%-இலிருந்து 8%-க்குக் குறைக்கப்பட்டு, வருவாய் பலமாக அடி வாங்கியது. 2020-இல் வெளிநாட்டுச் சந்தையில் கடன் எடுக்கும் வழியும் அடைபட்டது. உள்நாட்டு ஏலத்தில் அரசு கொடுக்க விரும்பிய வட்டிக்கு வாங்க ஆள் போதவில்லை. விற்காமல் நின்ற திறைசேரி உண்டியல்களை (டிரெஷரி பில்) மத்திய வங்கி வாங்கியது. ஏலத்தில் வட்டி குறைவாகத் தெரிந்ததற்கு அதுவே காரணம், உண்மையான விலை அங்கே மறைந்திருந்தது. அந்தப் பணம் இறக்குமதிக்கும் டொலருக்கும் போனது. டொலருக்கு 200 ரூபாய் அளவில் பிடித்து வைத்திருந்த நாணயம் 2022 மார்ச்சில் விடப்பட்டு, மே மாதத்துக்குள் 360-ஐத் தொட்டது. ஏப்ரல் 8-இல் மத்திய வங்கி ஒரே நாளில் 7 சதவிகிதப் புள்ளி வட்டியை ஏற்றியது. ஏப்ரல் 12-இல் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவது நிறுத்தப்பட்டது. கொழும்பு நுகர்வோர் விலைவாசி உயர்வு செப்டம்பரில் 70%-ஐ ஒட்டியது.

2023-இல் உள்நாட்டுக் கடனையும் மறுசீரமைத்தபோது வங்கிகளை விட்டதற்குச் சொல்லப்பட்ட காரணம், அவை ஏற்கெனவே வராக் கடனாலும் வெளிநாட்டுப் பத்திர நஷ்டத்தாலும் பலவீனப்பட்டிருந்தன, இன்னொரு அடி விழுந்தால் வைப்பாளர்கள் பணத்தை எடுக்க ஓடுவார்கள் என்பது. அந்தப் பயம் உண்மையானதுதான். ஆனால் சேமலாப நிதி உறுப்பினர் அப்படி ஓட முடியாது. ஓய்வு வரை பணம் பூட்டியிருக்கிறது. பழைய பத்திரங்களைக் கொடுத்து நீண்ட காலப் பத்திரங்களை வாங்கிக்கொள்ள வேண்டும், மறுத்தால் வருமானத்துக்கு 14%-க்குப் பதில் 30% வரி என்று நிதிகளுக்குச் சொல்லப்பட்டது. வெளியேற வழியில்லாதவர்கள் மேல் பாரம் இறங்கியது என்ற உங்கள் ஆதங்கம் முழுக்க நியாயம். ஒரு நாட்டின் ஓய்வூதிய நிதி முழுவதும் அந்த அரசின் பத்திரத்திலேயே இருந்தால் வரும் ஆபத்து இது. 2023-இல் வந்த புதிய மத்திய வங்கிச் சட்டம், அரசின் பத்திரங்களை மத்திய வங்கி நேரடியாக வாங்குவதைத் தடுக்கிறது. அந்தப் பிரிவு தளர்த்தப்படுகிறதா என்பதை நீங்கள் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

கேள்வி: இலங்கை சின்ன நாடு. பிரிட்டன் மாதிரி வளர்ந்த நாட்டில் 2022-இல் பத்திரச் சந்தை ஏன் கவிழப் பார்த்தது?
– கல்லூரி விரிவுரையாளர், திருச்சி

செப்டம்பர் 23 அன்று நிதியமைச்சர் குவாசி குவார்டெங், சுமார் 45 பில்லியன் பவுண்டு வரிக் குறைப்பை அறிவித்தார். பணம் எங்கிருந்து வரும் என்ற கணக்கு அதில் இல்லை. அதே வாரம்தான் பேங்க் ஆஃப் இங்கிலாந்து வட்டியை ஏற்றியிருந்தது, கையிருப்புப் பத்திரங்களை விற்கவும் திட்டமிட்டிருந்தது. ஒரு பக்கம் அரசு கூடுதலாகப் பத்திரம் விற்கப் போகிறது, மறுபக்கம் மத்திய வங்கியும் விற்கப் போகிறது. 3.8% அருகே இருந்த 30 ஆண்டு யீல்டு, 28-ஆம் தேதி காலைக்குள் 5%-ஐத் தாண்டியது.

அதை நெருக்கடியாக்கியது ஓய்வூதிய நிதிகளின் ஏற்பாடு. எல்.டி.ஐ எனப்படும் முறையில் அவை கையிலிருந்த நீண்ட காலப் பத்திரங்களை ஈடு வைத்துக் கடன் வாங்கி, மேலும் பத்திரம் வாங்கியிருந்தன. பத்திர விலை சரிந்ததும் ‘கூடுதல் ஈடு கொடு’ என்று கடன் கொடுத்தவர்கள் கேட்டார்கள். ரொக்கத்துக்காக நிதிகள் பத்திரங்களையே விற்றன. விற்க விற்க விலை இன்னும் சரிந்தது, மறுபடி ஈடு கேட்டு அழைப்பு வந்தது. 28-ஆம் தேதி பேங்க் ஆஃப் இங்கிலாந்து, நாளொன்றுக்கு 5 பில்லியன் வீதம் 13 நாள், அதாவது 65 பில்லியன் பவுண்டு வரை வாங்கத் தயார் என்று அறிவித்தது. உண்மையில் வாங்கியது 19.3 பில்லியன்தான். வாங்க ஒருவர் நிற்கிறார் என்று தெரிந்ததே சங்கிலியை அறுத்தது. அக்டோபர் 14-இல் வாங்குதல் முடிந்தது, அன்றே நிதியமைச்சர் பதவி இழந்தார்.

மாணவர்களிடம் ஒன்றை அழுத்திச் சொல்லுங்கள். பவுண்டை அச்சடிக்கும் பிரிட்டன் கடனைத் திருப்பித் தராது என்று யாரும் பயப்படவில்லை. நல்ல பத்திரத்தைக் கடன் வாங்கி வாங்கியதுதான் ஆபத்தைக் கொண்டுவந்தது.

கேள்வி: அமெரிக்கக் கடன் 38 டிரில்லியன் டாலரைத் தாண்டியதால் நமக்கென்ன?
– வாசகர், சென்னை

ஃபெடரல் ரிசர்வ் 2024 செப்டம்பரில் வட்டிக் குறைப்பைத் தொடங்கி, டிசம்பருக்குள் ஒரு சதவிகிதம் குறைத்தது. அதே காலத்தில் அமெரிக்க 10 ஆண்டு யீல்டு 3.7% அருகிலிருந்து 2025 ஜனவரி நடுவில் 4.8% வரை ஏறியது. ஈரோடு வாசகரின் கேள்விதான், நாடு மட்டும் வேறு. 2025 மே 16-இல் மூடிஸ் என்ற தர மதிப்பீட்டு நிறுவனமும் அமெரிக்காவின் உச்சத் தரத்தைப் பறித்தது. எஸ் அண்டு பி 2011-இலும் ஃபிட்ச் 2023-இலும் முன்பே குறைத்துவிட்டன.

அமெரிக்கப் பத்திரம் 4.5% தரும்போது, ரூபாய் இறங்கும் அபாயத்தையும் சேர்த்து நம் 6.6% வெளிநாட்டாருக்குப் பெரிதாகத் தெரியாது. 2024 ஜூன் முதல் நம் பத்திரங்கள் வெளிநாட்டு நிதிகள் பின்பற்றும் ஜே.பி.மார்கன் வளரும் நாடுகள் குறியீட்டில் இருப்பதால், பணம் வரும் வழியும் போகும் வழியும் அகலமாகிவிட்டன. 2013-இல் பத்திரம் வாங்குவதைக் குறைக்கலாம் என்று ஃபெட் தலைவர் பெர்னான்கி சொன்னபோது, 55 ரூபாய் அருகே இருந்த டாலர் ஆகஸ்டு இறுதியில் 68-ஐத் தாண்டியது. இன்று நம் அந்நியச் செலாவணிக் கையிருப்பு அதிகம், அதனால் அதே வேகத்தில் நடக்காது. ஆனால் திசை அதுதான்.

கேள்வி: அரசுப் பத்திரத்தை நேரடியாக வாங்க விரும்புகிறேன். என்ன செய்ய வேண்டும்? எதில் கவனம் தேவை?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, நாகர்கோவில்

ரிசர்வ் வங்கியின் ‘ரீட்டெயில் டைரக்ட்’ தளத்தில் கணக்குத் தொடங்குங்கள் அம்மா, கட்டணம் கிடையாது. பான், ஆதார், வங்கிக் கணக்கு, மின்னஞ்சல், கைபேசி எண் தேவை. நாமினியை அப்போதே சேர்த்துவிடுங்கள். குறைந்தபட்சம் ரூ.10,000-க்கு வாங்கலாம். வார ஏலத்தில் ‘போட்டியில்லா’ப் பிரிவில் தொகையை மட்டும் குறித்தால் போதும், பெரிய நிறுவனங்கள் கேட்ட விலையின் சராசரியில் உங்களுக்கு ஒதுக்குவார்கள். வட்டி ஆறு மாதத்துக்கு ஒரு முறை வங்கிக் கணக்குக்கு வரும், உங்கள் வருமான வரி விகிதப்படி வரியும் உண்டு.

தடுமாற்றம் வருவது விற்கும்போதுதான். சிறிய தொகைக்கு வாங்க ஆள் கிடைப்பது அரிது, கிடைத்தாலும் விலையைக் குறைத்துக் கேட்பார்கள். அதனால் பணம் தேவைப்படும் ஆண்டில் முதிரும் பத்திரமாகவே எடுங்கள். 5 ஆண்டில் தேவை என்றால் 5 ஆண்டு. வட்டி அதிகம் தெரிகிறதென்று 40 ஆண்டுப் பத்திரத்துக்குப் போக வேண்டாம். மாநிலப் பத்திரங்கள் மத்திய அரசுப் பத்திரத்தைவிடச் சற்றுக் கூடுதல் யீல்டு தரும், அவையும் இதே தளத்தில் உண்டு.

விலை ஏற்ற இறக்கமே வேண்டாம் என்றால் ரிசர்வ் வங்கியின் மிதக்கும் வட்டி சேமிப்புப் பத்திரம் இருக்கிறது. 7 ஆண்டு. என்.எஸ்.சி (தேசிய சேமிப்புப் பத்திரம்) வட்டியைவிட 0.35% அதிகம், ஜனவரி 1, ஜூலை 1 தேதிகளில் வட்டி தருவார்கள். சந்தையில் விற்க முடியாது. 60 வயதைக் கடந்தவர்களுக்கு மட்டும், வயதைப் பொறுத்து, சில ஆண்டுகளுக்குப் பின் அபராதத்தோடு முன்கூட்டியே எடுக்கலாம். மருத்துவச் செலவுக்கு ஒதுக்கிய பணத்தை இதில் போடாதீர்கள், அது வங்கி டெபாசிட்டிலேயே இருக்கட்டும். அதிலும் ஒரு வங்கியில் ரூ.5 லட்சம் வரைதான் காப்பீடு, அசலும் வட்டியும் சேர்த்து.